இரண்டிலிருந்து எட்டு டிகிரி வரை

பெட்டியின் மேல் அப்படித்தான் போட்டிருக்கிறது.
உறையக் கூடாது. சூடேறக் கூடாது.
குலுக்கக் கூடாது.
இத்தனை பதவிசாய்
என்னை யாரும் வைத்துக்கொண்டதில்லை.

பாயான் லெப்பாஸில் சில்லு செய்கிற ஆலை.
ஒன்பது வருடம் சுத்த அறையில் இருந்தேன்.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பு,
முயல் சட்டை என்போம்.
சியூ லிங்குக்கும் எனக்கும்
நடையை வைத்துத்தான் அடையாளம்.
அதற்குள் என் முழங்கையை யாரும் பார்க்கவில்லை,
நெற்றி விளிம்பில் ஏறிய வெள்ளிச் செதிலையும்.

ஆனால் காற்றில் தூசி எண்ணும் கருவி ஒன்று உண்டு.
அதற்குத் தாட்சண்யம் கிடையாது.
ஒரு செவ்வாய்க்கிழமை
என் மேசையருகே எண் ஏறியது.
புதனும் ஏறியது.
சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் சொன்னார்:
"புனிதமலர், பேக்கிங் பக்கம் கொஞ்ச நாள்."

கொஞ்ச நாள் மூன்று வருடம்.

வேப்பிலை அரைத்தேன். கருவாட்டை விட்டேன்.
தார் மணக்கும் களிம்பு,
நீல விளக்குப் பெட்டிக்குள் நின்ற திங்கள்கள்,
வாரம் ஒருமுறை மஞ்சள் மாத்திரை,
மறுநாள் முழுக்கக் குமட்டல்.
முன்வினை என்றார் ஒரு சித்தப்பா,
தட்டில் மீன் தலையோடு.

டாக்டர் அஸ்லினா காகிதத்தின் பின்பக்கம் கோடு போட்டார்.
"உள்ளே ஒரு செய்தி ஓயாமல் போகிறது,
எதிரி வந்துவிட்டான் என்று.
எதிரி இல்லை. செய்தி மட்டும்தான்.
தோல் அதை நம்பி
ஒரு மாத வேலையை நாலு நாளில் முடிக்கிறது.
இந்த ஊசி செய்தியை வழியில் பிடித்துக்கொள்ளும்."
"பொய் என்று தோலுக்குப் புரிய வைக்குமா?"
"இல்லை. பிடிக்கும், அவ்வளவே. மாதாமாதம்."

எனக்குப் பிடித்திருந்தது.
புரிய வைக்கிறேன் என்று வந்தவர்கள் போதும்.

பிறகு காசநோய் இருக்கிறதா என்று ரத்தம்,
நெஞ்சுக்குப் படம்,
நிதி கேட்டு ஒரு கடிதம்,
கடிதம் எங்கே என்று கேட்டு ஒரு கடிதம்.
பதினான்கு மாதம் கழித்து
மிஸ்ஸி நோராய்னி என் தொடையைக் கிள்ளிப் பிடித்துக்
குத்தக் கற்றுக்கொடுத்தாள்.
ஒரு 'டிக்', தொடக்கம்.
இன்னொரு 'டிக்', முடிந்தது.
"எண்ணெய் பாட்டில் மூடியைவிட லேசு," என்றேன்.
சிரித்தாள்.

மூன்றாவது ஊசிக்குப் பின்
இடது முழங்கையில் ஒரு மச்சம் தெரிந்தது.
எனக்கு அங்கே மச்சம் உண்டு என்பதே
மறந்துபோயிருந்தது.

இலவசமில்லை.
சளி பிடித்தால் மூன்று வாரம் போகாது.
காய்ச்சல் என்றால் உடனே வா என்று
அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
காவலைக் கொஞ்சம் தூங்க வைத்திருக்கிறோம் அல்லவா.

நவம்பரில் ஒரு இரவு பிறையில் இடி.
பத்து மணிக்கு மின்சாரம் போனது.
ஃப்ரிட்ஜில் தேங்காய்ப்பாலுக்கும் பழைய சம்பலுக்கும் நடுவே
அடுத்த மாதம்.
துண்டில் சுற்றி, மார்போடு அணைத்து,
ஜெனரேட்டர் உறுமும் மாமாக் கடைக்கு ஓடினேன்.

சிராஜுதீன் எனக்குத் தே
எப்போதும் பிளாஸ்டிக் பையில்தான் கட்டுவார்,
உட்கார்ந்து குடிக்க வந்தாலும்.
நான் கேட்டதில்லை. அவர் சொன்னதில்லை.
கண்ணாடிக் கிளாஸ்கள் வரிசையாய்க் கவிழ்ந்திருக்கும்.

"உறையணுமா?"
"உறையக் கூடாது."
ரோஸ் சிரப் பாட்டில்களை நகர்த்தி
கதவோரம் வைத்தார்.
என்ன மருந்து என்று கேட்கவில்லை.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் தொட்டார்.

உட்கார்ந்தேன். தே வந்தது.
பையில்.
மேசைமேல் என் இரண்டு கைகளும் விளக்குக்கு நேரே,
புதுத் தோல், மச்சம், எல்லாம்.
அவர் பார்க்கக்கூட இல்லை.
அவருக்குள்ளும் ஒரு செய்தி
ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது போல.

"கிளாஸ்ல குடுங்க," என்றேன்.
ஒரு வினாடி நின்றார்.
கொடுத்தார்.
சர்க்கரை அதிகம்.

ஒன்றேகாலுக்கு மின்சாரம் வந்தது.
சுத்த அறைக்கு இன்னும் மனு எழுதவில்லை.
விடியற்காலை ஐந்து மணி, ஆலை பஸ்ஸுக்கு முன்னால்,
என் கை தானாகவே விரிப்பைத் தட்டுகிறது.
ஒன்றும் உதிர்வதில்லை.
தட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.